கிழக்காசியக் கலைப்படங்களைப் பார்க்கத் தொடங்குபவருக்கு: எதில் ஆரம்பிப்பது, எந்தப் பிரதி, எவ்வளவு செலவு

ஓசு, மிசோகுச்சி, ஹோ ஷியாவ்-ஷியென் என்று ஜப்பானிய, தைவானிய இயக்குநர்களின் பெயர்களைக் கேள்விப்பட்டு, ஏதோ ஓர் இரவு ஒரு படத்தைப் போட்டு, நாற்பதாவது நிமிடத்தில் தூங்கிப்போய், "நமக்கு இது ஒத்துவராது" என்று முடிவுகட்டியவர்கள் என் நண்பர்களிலேயே நிறைய. ரசனைக் குறைபாடு என்று அவர்களே தங்களைத் திட்டிக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விசாரித்துப் பார்த்தால் காரணம் எப்போதும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. முதலில் பார்க்கக் கூடாத படத்தை முதலில் பார்த்திருப்பார்கள், அல்லது பிரதி மோசமாக இருந்திருக்கும், அல்லது நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்திருப்பார்கள். இந்த மூன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது, சொல்லித்தர ஆளில்லை. கீழே இருப்பதைப் பின்பற்றினால் உங்களுக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

இயக்குநர் வரலாறு, இயக்கங்களின் வரலாறு எதுவும் இங்கே கிடையாது. அதெல்லாம் பத்துப் படம் பார்த்த பிறகு தானாகவே தேடுவீர்கள்.

1. பட்டியலின் உச்சியிலிருந்து தொடங்காதீர்கள்

பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் திரைப்பட இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 2022 பட்டியலில் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) நான்காம் இடம், வோங் கர்-வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' (2000) ஐந்தாம் இடம். அந்த இடத்துக்கு இரண்டுமே தகுதியானவை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முதல் படமாக 'டோக்கியோ ஸ்டோரி'யைப் போடுவது வீண். 136 நிமிடம். ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, அவர்களை வெந்நீரூற்று ஊரான அட்டாமிக்கு அனுப்பிவைக்கிறார்கள், பிறகு ஊர் திரும்புகிறார்கள். கடைசி அரைமணி நேரம் நெஞ்சைப் பிடுங்கும். ஆனால் அதற்கு முந்தைய நூறு நிமிடத்தில் யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கவனித்து வந்தவருக்குத்தான். ஓசு எப்படிக் கதை சொல்வார் என்று பழகாத கண்ணுக்கு அந்த நூறு நிமிடமும் ஒன்றும் நடக்காததுபோலவே இருக்கும்.

அதே ஓசுவின் 'குட் மார்னிங்' (1959) படத்தில் தொடங்குங்கள். வண்ணப்படம், 94 நிமிடம், நகைச்சுவை. புறநகரில் நெருக்கமாக அடுக்கிய வீடுகள், ஒருவர் வீட்டுக்குள் நடப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அண்ணன் தம்பி இருவர் டிவி வாங்கித் தரச்சொல்லி அடம்பிடிக்கிறார்கள், அதிகம் பேசாதே என்று அப்பா அதட்டுகிறார். பெரியவர்கள் மட்டும் என்ன, காலை வணக்கம், எங்கே கிளம்பிட்டீங்க, நல்ல வெயில் என்று வெட்டிப்பேச்சுதானே பேசுகிறீர்கள் என்று அண்ணன்காரன் திருப்பிக் கேட்டுவிட்டு, இனி யாரிடமும் பேசுவதில்லை என்று இருவரும் விரதம் எடுக்கிறார்கள். பள்ளியிலும் வாயைத் திறப்பதில்லை. இதற்கு நடுவே பையன்களுக்குள் ஒரு விளையாட்டு: நெற்றியில் விரலால் அழுத்தினால் குசு விட வேண்டும். அதில் ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு முறையும் முக்கி முக்கி ஜட்டியை அழுக்காக்கிக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிறான். படத்தின் கடைசி ஷாட்டில் கொடியில் காய்வது அந்த ஜட்டிதான். உலக சினிமாவின் மகான் என்று பயமுறுத்தப்படும் ஆள் எடுத்த படம் இது!

சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஓசுவின் பழக்கங்கள் உங்களுக்குள் இறங்கிவிடும். கேமரா தரையோடு ஒட்டித் தாழ்ந்திருக்கும், நகராது. பேசுபவர் கிட்டத்தட்ட நம்மைப் பார்த்தே பேசுவார். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் வெறும் சந்து, துணிக்கொடி, மின்கம்பம் என்று சில நொடி வரும். அந்த நொடிகளில் போனைக் கையில் எடுக்காமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

2. முதல் மாதத்துக்கு ஐந்து படம் போதும், வரிசை முக்கியம்

'குட் மார்னிங்' முடிந்ததும் நாட்டை மாற்றுங்கள். வோங் கர்-வாயின் 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' (1994), 102 நிமிடம், ஹாங்காங். மே 1 காலாவதித் தேதி போட்ட அன்னாசி டப்பாக்களைத் தினமும் தேடி வாங்கும் போலீஸ்காரன் ஒருவன். இரண்டாம் பாதியில் அவனை விட்டுவிட்டு வேறொரு போலீஸ்காரனின் கதை. முதல் கதை திரும்ப வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது.

மூன்றாவது 'ஹராகிரி' (1962), மசாகி கோபயாஷி, 133 நிமிடம். கதை வேண்டும், திருப்பம் வேண்டும் என்பவர்களுக்கு இது. ஒரு பிரபுவின் மாளிகை முற்றத்தில் உட்கார்ந்து வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக அனுமதி கேட்கும் வேலையற்ற சாமுராய், சாவதற்கு முன் ஒரு கதை சொல்கிறேன் என்கிறான். இதைப் பற்றி எதையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள்.

நான்காவது மறுபடி ஓசு, 'லேட் ஸ்பிரிங்' (1949), 108 நிமிடம். மனைவியை இழந்த அப்பா, அவரை விட்டுப்போக மனமில்லாத மகள், அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க அவர் சொல்லும் ஒரு பொய். கடைசியில் வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுகிறார், அவ்வளவுதான் காட்சி. 'குட் மார்னிங்' பார்த்துவிட்டு வருபவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஐந்தாவது எட்வர்ட் யாங்கின் 'யி யி' (2000). தைபேயில் ஒரு குடும்பம், 173 நிமிடம், ஆனால் நீளம் தெரியாது. அதில் வரும் சின்னப் பையன் எல்லோருடைய பின்னந்தலையையும் புகைப்படம் எடுக்கிறான். ஏன் என்று கேட்டால், உங்களால் பார்க்க முடியாததைக் காட்டத்தான் என்கிறான்.

இதற்குப் பிறகு 'டோக்கியோ ஸ்டோரி' பாருங்கள். வேறு படம்போலத் தெரியும்.

கிம் கி-டுக் வழியாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் கொரியப் படம் என்றால் பலருக்கும் அவர்தான் வாசல், தப்பில்லை. ஆனால் அந்த அதிர்ச்சியை எதிர்பார்த்து 1950களின் ஜப்பானுக்குள் நுழைந்தால் ஏமாற்றம்தான். அதே சூடு வேண்டுமென்றால் கிம் கி-யங்கின் 'தி ஹவுஸ்மெய்ட்' (1960) பாருங்கள், 111 நிமிடம், எலி விஷமும் மாடிப்படியும் போதும் அவருக்கு.

3. பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஓசுவின் தலைப்புகளைக் கேளுங்கள்: லேட் ஸ்பிரிங் (1949), ஏர்லி சம்மர் (1951), ஏர்லி ஸ்பிரிங் (1956), லேட் ஆட்டம் (1960), தி எண்ட் ஆஃப் சம்மர் (1961), ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன் (1962). எது எதென்று ஓசு ரசிகனுக்கே தடுமாறும். எனவே எங்கு தேடினாலும் தலைப்போடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' என்று தேடினால் 1934-இன் மௌனப்படமும் வரும், அவரே மறுபடி எடுத்த 1959 வண்ணப்படமும் வரும். முதலில் பார்க்க வேண்டியது 1959.

இன்னொரு சிக்கல், நடிகர்கள். 'லேட் ஸ்பிரிங்', 'ஏர்லி சம்மர்', 'டோக்கியோ ஸ்டோரி' மூன்றிலும் செட்சுகோ ஹாராவின் பாத்திரத்துக்கு நோரிகோ என்றே பெயர். மூன்றும் ஒரே ஆளின் கதை கிடையாது. சிஷு ரியூ அவருக்கு முதல் படத்தில் அப்பா, இரண்டாவதில் அண்ணன், மூன்றாவதில் மாமனார். அந்தக் கிழட்டு மாமனாராக நடித்தபோது ரியூவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. தொடர்கதை என்று நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும், ஒரே நாடகக் குழு வேறுவேறு நாடகம் போடுகிறது என்று எடுத்துக்கொண்டால் சுகமாக இருக்கும்.

சீனப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத இரண்டு முறைகள் இருக்கின்றன, தைவானில் ஒன்று, சீனாவில் ஒன்று. எட்வர்ட் யாங்கே சில இடங்களில் யாங் டெசாங் என்று இருப்பார். ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்பதால் படமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

4. நேரத்தை முதலிலேயே ஒதுக்குங்கள்

இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் இடைவேளை கிடையாது, 'செவன் சாமுராய்' (207 நிமிடம்) மாதிரி சில நீளப்படங்கள் விதிவிலக்கு. எனக்குச் சரிப்பட்டது ஞாயிறு காலை. குளித்து, டிபன் முடித்து, பத்து மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓசு பார்ப்பது யாருக்கும் நல்லதல்ல.

இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட படத்தை ஒரே மூச்சில் பாருங்கள், வேறு வழியே கிடையாது. 'எ பிரைட்டர் சம்மர் டே' (1991) மாதிரி 237 நிமிடப் படத்தை முதல் தடவை இரண்டாகப் பிரிப்பதில் பாவமில்லை, ஆனால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் எந்தப் பையன் எந்தக் கும்பல் என்பது மறந்துவிடும். கோபயாஷியின் 'தி ஹியூமன் கண்டிஷன்' ஒன்பதரை மணி நேரம், மூன்று பாகம். அதை மூன்று ஞாயிறாக வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தைக் கூட்டி ஒன்றரை மடங்கில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பதில் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போகலாம், நேரமாவது மிச்சம்.

5. எந்தப் பிரதி என்று பார்க்காமல் தொடங்காதீர்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஒரே படம் பல நீளத்தில், பல நிறத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தைப் போடுமுன் ஓடும் நேரத்தைச் சரிபாருங்கள். 'எ பிரைட்டர் சம்மர் டே' மூன்று மணி நேரம் என்று காட்டினால் அது சுருக்கிய பிரதி. 'செவன் சாமுராய்' முழுமையானது 207 நிமிடம். வெளிநாடுகளுக்குப் போன பழைய பிரதிகள் நிறைய வெட்டப்பட்டவை. 'ஃபேர்வெல் மை காங்குபைன்' (1993) முழு நீளம் 171 நிமிடம், அமெரிக்காவில் முதலில் வெளியானது அதைவிடக் குறைவு. சில நிமிட வித்தியாசம் என்றால் கவலைப்படாதீர்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படம் பழைய ஐரோப்பிய டிவிடிகளில் 25 பிரேம் வேகத்தில் ஓடுவதால் நூறு நிமிடத்துக்கு நாலு நிமிடம் குறையும், வெட்டு எதுவும் இல்லை.

புதுப்பித்த பிரதி என்றாலே சிறந்தது என்றும் இல்லை. வோங் கர்-வாய் தன் படங்களை 4கே-வில் புதுப்பித்தபோது பலவற்றில் நிறத்தையே மாற்றினார். 'இன் தி மூட் ஃபார் லவ்' பச்சை படிந்திருக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள், நானும் அந்தக் கட்சிதான். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' (1995) படத்தின் சட்டகத்தையே அகலத் திரைக்கு மாற்றிவிட்டார். இயக்குநரே செய்தது, கேட்க முடியாது. ஆனால் பழைய ப்ளூரே கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். இதற்கு நேர்மாறு ஹோ ஷியாவ்-ஷியெனின் 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்' (1989). பல ஆண்டுகளாகக் கலங்கிய டிவிடிதான் கதி என்றிருந்தது, 2023-இல் 4கே புதுப்பிப்பு தைவான் திரையரங்குகளில் வெளியானது. இந்தப் படத்துக்குப் பழைய பிரதி வேண்டவே வேண்டாம். இருட்டு அறையில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகள், மங்கல் பிரதியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

6. எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்

இலவசத்திலிருந்து ஆரம்பிப்போம். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் பழைய கொரியப் படங்களுக்கென்றே ஒரு சேனல் நடத்துகிறது, முழுப்படம், ஆங்கில சப்டைட்டில், ஒரு பைசா கிடையாது. சப்டைட்டில் தானாக வராவிட்டால் சிசி பட்டனை அழுத்துங்கள். யூ ஹ்யூன்-மோக்கின் 'எய்ம்லெஸ் புல்லட்' (1961) அங்கே தேடிப் பாருங்கள். ஜப்பான் ஃபவுண்டேஷன் அவ்வப்போது இணையவழிப் படவிழா நடத்துகிறது, மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறந்திருக்கும் என்பதால் அறிவிப்பு வந்தவுடன் பதிந்துவிடுங்கள்.

சந்தா கட்டுவதானால் இந்தியாவில் மூபி, கலைப்படங்களுக்கென்றே இருக்கும் இணையத் தளம். மாதம் சில நூறு ரூபாய், ஆண்டுச் சந்தா எடுத்தால் குறையும். படங்கள் வரும், போகும். எனவே முதலில் தேடிப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய நாலைந்து படம் இருக்கும் மாதத்தில் மட்டும் கட்டுங்கள். பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைடீரியனின் இணையத் தளம் கிரைடீரியன் சேனல் பற்றி எல்லோரும் புகழ்வார்கள், அது அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும்தான்.

டிஸ்க் வாங்குவதில் செலவும் இருக்கிறது, கண்ணியும் இருக்கிறது. ப்ளூரேயில் மூன்று மண்டலங்கள்: அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தைவான், ஹாங்காங் எல்லாம் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. கிரைடீரியன் டிஸ்க் பெரும்பாலும் ஏ பூட்டோடு வரும், பிரிட்டனின் பிஎஃப்ஐ, யுரேகா டிஸ்க்குகள் பெரும்பாலும் பி. சாதாரண பிளேயரில் போட்டால் மண்டலம் பொருந்தவில்லை என்று ஒரு வரி மட்டும் திரையில் நிற்கும். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரை முதலில் வாங்குங்கள், டிஸ்க் அப்புறம். 4கே யுஎச்டி டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை, ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூரேக்கு இருக்கலாம்.

கிரைடீரியன் ப்ளூரே அட்டை விலை பெரும்பாலும் 39.95 டாலர். முழுவிலைக்கு யாரும் வாங்குவதில்லை. அமெரிக்கக் கடைகளில் பொதுவாக ஜூலையிலும் நவம்பரிலும் பாதி விலை வரும், அங்கே உறவினர் இருந்தால் அப்போது சொல்லிவைத்து, வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூரியரில் வரவழைத்தால் அனுப்பும் செலவு, சுங்கவரி, அதன் மேல் கூரியர்காரரின் கையாளும் கட்டணம் என்று டிஸ்க் விலையைத் தொட்டுவிடும். ஆதார், பான் மாதிரி அடையாள ஆவணமும் கேட்பார்கள். ஆர்டரில் கொடுக்கும் பெயர் அந்த ஆவணத்தில் இருப்பதுபோலவே, இனிஷியல் உட்பட, இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதிய பெயருக்கும் எழுதாத பெயருக்கும் நடுவில் பார்சல் நாள்கணக்கில் நின்றுவிடும்.

7. டிவியைச் சரிசெய்யுங்கள்

ஐந்து நிமிட வேலை. 1950களின் ஜப்பானியப் படங்களில் பெரும்பாலானவை கிட்டத்தட்ட சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை, இரண்டு பக்கமும் கறுப்பு இருப்பதுதான் சரி. டிவி அதை இழுத்து அகலமாக்கினால் பட அளவை ஒரிஜினலுக்கு மாற்றுங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிசோகுச்சி சீரியல் மாதிரித் தெரிவார். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதுவே போதும்.

தமிழ் சப்டைட்டில் அரிது, ஆங்கிலம்தான். வாசிக்கும் வேகம் முதல் இரண்டு படத்துக்குத் தொல்லை தரும், எழுத்து அளவைப் பெரிதாக்கி வையுங்கள். கணினியில் விஎல்சி-யில் பார்க்கும்போது சப்டைட்டில் முன்பின்னாக வந்தால் ஜி, எச் விசைகளால் நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் முன்பு சொன்ன 25 பிரேம் விவகாரம். எவ்வளவு நகர்த்தினாலும் தீராது, வேறு சப்டைட்டில் கோப்பு எடுங்கள்.

8. சில படங்களுக்கு மட்டும் முன்தயாரிப்பு

பொதுவாக எதையும் படிக்காமல் பார்க்கச் சொல்வேன், தைவான் படங்கள் இரண்டுக்கு மட்டும் விலக்கு. 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்' பார்க்கும் முன் இவ்வளவு தெரிந்தால் போதும்: 1945 வரை தைவான் ஜப்பானின் கையில் இருந்தது, பிறகு சீன தேசியக் கட்சி அரசு வந்தது, 1947 பிப்ரவரி 28-ஐ ஒட்டி எழுந்த கலகத்தை அது ரத்தக்களரியாக ஒடுக்கியது, 1987-இல் ராணுவச் சட்டம் நீங்கும்வரை அதைப் பற்றி வாய்திறக்க முடியாது. படத்தில் லின் குடும்பத்தின் நான்கு சகோதரர்கள், ஒரு தாளில் நால்வர் பெயரையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டோனி லியூங்தான் கடைக்குட்டி, காது கேளாத, பேசாத புகைப்படக்காரர். ஹாங்காங்காரரான அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு வராததும் பாத்திரம் அப்படி அமைந்ததற்கு ஒரு காரணம். அவர் எழுதிக்காட்டுவது திரையில் எழுத்தாக வரும், அதற்கும் சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'எ பிரைட்டர் சம்மர் டே' படத்தில் பேசும் பாத்திரங்கள் நூறுக்கு மேல். 1949-இல் சீனாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் 1960 வாக்கில் தைபே தெருக்களில் கும்பல் சேர்கிறார்கள். இரண்டு கும்பல்களின் பெயரையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள், ஒன்று லிட்டில் பார்க், மற்றது 217. டார்ச் லைட் யார் கையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

ட்சாய் மிங்-லியாங் கடைசி. கூச்சிங்கில் பிறந்த மலேசியர், தைவானில் படமெடுப்பவர். 'வீவ் லமூர்' (1994) படத்தின் முடிவில் ஒரு பெண் பூங்காவில் உட்கார்ந்து ஐந்தாறு நிமிடம் அழுவாள், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். இதை இரண்டாவது படமாகப் பார்த்தவர் உங்களோடு பேச்சை நிறுத்திவிடுவார். இருபதாவது படமாகப் பார்த்தால் அந்த அழுகைதான் நினைவில் நிற்கும்.

9. பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால்

நமக்கு அருகில் டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரளத் திரைப்பட விழா. பழைய படங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்குவார்கள். பிரதிநிதிக் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டி, மாணவர்களுக்குக் குறைவு. புகைப்படமும் அடையாள அட்டையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு பதிவு திறந்த அன்றே முடித்துவிடுங்கள். விழா நாட்களில் இருக்கை முன்பதிவு முந்தைய நாள் காலையே திறக்கும், பெயர்பெற்ற படங்கள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். புதுப்பித்த பழைய படங்களுக்குக் கூட்டம் குறைவு என்பதால் அவற்றைக் கடைசியில்கூடப் பதியலாம், அதுதான் உங்களுக்கு லாபம். சென்னையிலும் டிசம்பர் வாக்கில் விழா உண்டு.

டோக்கியோ போகிறவர்கள் கியோபாஷியில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைப் பார்க்காமல் வராதீர்கள், டிக்கெட் சாதாரணத் திரையரங்கைவிட மிகவும் குறைவு. ஆனால் ஜப்பானியப் படங்களுக்கு அங்கே பொதுவாக ஆங்கில சப்டைட்டில் கிடையாது, இகெபுகுரோ, ஜிம்போச்சோ, அசகாயா பக்கம் இருக்கும் பழைய படத் திரையரங்குகளிலும் அதே கதை. ஏற்கனவே வீட்டில் பார்த்த படமாகத் தேர்ந்தெடுங்கள். சியோலில் டிஜிட்டல் மீடியா சிட்டி அருகே கொரியக் காப்பகத்தின் அரங்கில் காட்சிகள் இலவசம், சில காட்சிகளுக்கு ஆங்கில சப்டைட்டிலும் உண்டு, நிகழ்ச்சிப் பட்டியலில் குறித்திருப்பார்கள். கியோபாஷி, சியோல் இரண்டு காப்பகங்களுக்கும் திங்கள் விடுமுறை, அந்த நாளில் போய் நிற்காதீர்கள்.